சுவர்ப் பக்கம் படுத்தவள்

எதையும் பார்த்து வாய் பிளக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. முப்பது வருடமாகக் கேஸ் வெல்டிங் செய்கிறவன். கண்ணுக்கு முன்னால் நெருப்பு நீலமாக நிற்கும், இரும்பு தண்ணீராக ஓடும். அதையெல்லாம் வேலை என்று பார்த்துப் பழகிவிட்டது. அப்படிப்பட்ட நான் என் சொந்தப் படுக்கையறையில், ஒரு வெள்ளைச் சுவருக்கு முன்னால், வாயில் ஈ போவது தெரியாமல் நின்றேன். என் ஆயுளில் பார்த்த பெரிய அதிசயம் எது என்று யாராவது கேட்டால், என் மனைவி அந்தச் சுவரில் பென்சிலால் கோடு போட்டது என்றுதான் சொல்வேன்.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். கேட்கக் கேட்க என் மேல் கோபம் வரும். வரட்டும், வர வேண்டியதுதான்.

நாங்கள் வாடகைக்கு இருந்தது கீழ்வீடு. மேலே வீட்டுக்காரர், வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கெட்டவர் இல்லை. ஆனால் பேச்சில் சர்க்கரை கொட்டும். படியில் என்னைப் பார்த்தால் நின்று, "தம்பி, உங்களை மாதிரி குடித்தனக்காரங்க கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்" என்பார். இரும்பை உருக்குகிற என்னை அவர் இரண்டு வார்த்தையில் உருக்கிவிடுவார். மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் நானும் மனைவியும் மட்டும்தான்.

அவளுக்கு ஒரு பெரிய லாண்டரியில் இஸ்திரிப் பிரிவில் வேலை. நாள் முழுக்க ஹோட்டல் விரிப்புகள், ஆஸ்பத்திரிக் கோட்டுகள், சட்டைகள். எது காய்ந்தது, எது காய்ந்த மாதிரி நடிப்பது என்று அவள் புறங்கை சொல்லிவிடும்.

குடிவந்த முதல் மாதமே அந்தப் புறங்கை சொல்லிவிட்டது. படுக்கையறையில் தலைமாட்டுச் சுவரில் ஒரு கை அகலத்துக்கு நிறம் மங்கியிருந்தது. அவள் தொட்டுப் பார்த்தாள், அழுத்திப் பார்த்தாள்.

"ஏங்க, இது உள்ளேருந்து வர்ற ஈரம்."

"அது எப்படித் தெரியும் உனக்கு?"

"சட்டைக் காலர் மாதிரி இருக்கு. மேலே தொட்டாக் காஞ்ச மாதிரி இருக்கும், அழுத்தினா உள்ளே ஈரம் நிக்கும். வீட்டுக்காரர்கிட்ட இப்பவே சொல்லிடுங்க."

"துணி வேற, சுவர் வேற" என்று சிரித்தேன். ஆனாலும் சொல்கிறேன் என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை படியில் வீட்டுக்காரரைப் பார்த்தபோது, அவர் வழக்கம்போல என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். குறை சொல்லாத குடித்தனக்காரர் என்று தன் தம்பியிடம் பெருமையாகச் சொன்னாராம். அதற்கு மேல் என் நாக்கு எழவில்லை. உள்ளே வந்ததும் மனைவி கேட்டாள். "சொல்லிட்டேன். பாக்கறேன்னார்" என்றேன்.

அந்தப் பொய்யைச் சொல்ல இரண்டு விநாடி ஆனது. அதைக் காப்பாற்ற ஒன்பது மாதம் ஆனது. அவள் கேட்கும்போதெல்லாம் புதிதாக ஒன்று சேர்ப்பேன். ஆள் அனுப்புகிறேன் என்றார் என்பேன், மழை நிற்கட்டும் என்றார் என்பேன். அவளும் நம்பினாள். வீட்டுக்காரர் விஷயத்தை ஆண்கள் பேசிக்கொள்வார்கள் என்று நான்தான் அவளிடம் முதலிலேயே பெரிய மனுஷனாகச் சொல்லி வைத்திருந்தேன்.

ஒன்பதாவது மாதம் ஈரம் கதவளவு வளர்ந்துவிட்டது. கறுப்புப் புள்ளிகள், உரிந்து விழும் சுண்ணாம்பு, அலமாரியைத் திறந்தால் மூக்கைப் பிடிக்கும் வாடை. என்னிடம் இருந்த ஒரே நல்ல ஷூவுக்குத் தாடி முளைத்திருந்தது. வேறு வழியில்லாமல், ஏதோ பேச்சுவாக்கில் சொல்வதுபோல வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் இறங்கி வந்தார், பார்த்தார், தலையை ஆட்டினார்.

"இது கட்டடத்து ஈரம் இல்லை தம்பி. மனுஷங்க ஈரம். சமையல் ஆவி, குளிக்கிற ஆவி, ஈரத்துணியை வீட்டுக்குள்ள போடறது. வீட்டுல பெண்கள் கொஞ்சம் கவனமா இருந்தாச் சரியாயிடும்."

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நிம்மதி. ஆவிதான் காரணம் என்றால், நான் ஒன்பது மாதம் வாயைத் திறக்காதது ஒரு குற்றமே இல்லை. தப்பு அவரிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. மிச்சம் இருந்தது ஒரே ஆள்.

அன்று முதல் நான் ஆவி போலீஸ் ஆனேன். பாத்திரத்தை மூடு. ஜன்னலைத் திற. துணியை உள்ளே போடாதே. நாலு நாள் என்னோடு வாதாடினாள். இரண்டே பேர் மூச்சு விட்டு ஒரு சுவர் உரியுமா என்று கேட்டாள். பிறகு வாதாடுவதை விட்டுவிட்டாள். ஈரத்துணியை வாளியில் வைத்து லாண்டரிக்கே தூக்கிக்கொண்டு போய் அங்கே கொடியில் போட்டுவிட்டு வருவாள். சுவரில் புதிதாக ஒரு கறுப்பு தெரிந்தால் நான் சுவரைப் பார்க்க மாட்டேன், அவளைப் பார்ப்பேன். ஒருநாள் கேட்டாள்.

"என்னாலதான்னு நீங்களும் நினைக்கறீங்களா?"

"பின்னே யாரால?" என்றேன்.

இப்படி ஒரு வருடம் போயிற்று. லாண்டரியில் கூட வேலை செய்கிற ஒருத்தி இவளிடம் வாடகைக் குறைதீர் அலுவலகத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். சுவர், கூரை, குழாய் இதையெல்லாம் நல்ல நிலையில் வைத்திருப்பது வீட்டுக்காரர் கடமை. செய்யாவிட்டால் பழுது பார்க்கச் சொல்லலாம், பட்ட கஷ்டத்துக்கு இழப்பீடும் கேட்கலாம். இவள் அரைநாள் விடுப்புப் போட்டுத் தனியாகப் போய், வரிசையில் நின்று, மனு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். வந்து ரசீதை என் முன்னால் வைத்தாள்.

"காசுக்காகவா?" என்று எரிந்து விழுந்தேன்.

"காசு வந்தா வரட்டும், வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஆனா இது என்னால வந்ததா, இல்லையான்னு யாராவது ஒருத்தர் எழுதிக் கொடுக்கணுங்க. எனக்கு அதுதான் வேணும்."

மனுவின் நகலைப் படித்தேன். 'முதல் மாதமே என் கணவர் மூலம் வீட்டு உரிமையாளருக்குத் தெரிவிக்கப்பட்டது' என்று அவள் கையெழுத்தில், அழகாக, தப்பில்லாமல் இருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை சுவரைச் சோதிக்க அதிகாரி வருவார் என்று தபால் வந்தது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வேலை இருந்தது. நான் வீட்டில் தனியாக இருந்தேன். அந்தச் சுவரைப் பார்த்தேன். ஓர் அரசாங்க அதிகாரி வந்து பார்க்கிற சுவரா இது? என்ன நினைப்பார்கள் நம்மைப் பற்றி? மானம் கப்பலேறிவிடாதா? கடைக்குப் போய்ப் பூஞ்சை மருந்தும் பெயின்ட்டும் வாங்கி வந்தேன். சுரண்டினேன், கழுவினேன், மின்விசிறி வைத்துக் காய வைத்தேன், இரண்டு கோட்டு வெள்ளை அடித்தேன். சாயங்காலம் சுவர் பால் மாதிரி இருந்தது. அவள் சந்தோஷப்படுவாள் என்று நான் நினைத்தது சத்தியம்.

தோளில் பையோடு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னங்க பண்ணினீங்க?"

"பளிச்சுன்னு இருக்கில்ல?"

மெதுவாக வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "டாக்டர் வர்றதுக்கு முன்னாடி காய்ச்சலைத் தொடைச்சு வெச்சுட்டீங்களே" என்றாள். அவ்வளவுதான். கைப்பேசியை எடுத்தாள். அதில் இரண்டு படம் இருந்தது. அரை வெளிச்சத்தில் எடுத்தது, சுவரா மேகமா என்று சொல்ல முடியாது. அதை வைத்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை காலை வந்த அதிகாரி ஒரு பெண். ஐம்பது வயது இருக்கும். கையில் ஓர் இரும்புப் பெட்டி. எனக்குள் அவருக்கு 'ஈரக்காரம்மா' என்று பெயர் வைத்துக்கொண்டேன். வீட்டுக்காரரும் மடிப்புக் கலையாத சட்டையில் இறங்கி வந்தார். சுவரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பாருங்க மேடம். எங்கே இருக்கு ஈரம்?"

ஈரக்காரம்மா மூக்கை உறிஞ்சினார். என் பக்கம் திரும்பினார்.

"எப்போ அடிச்சீங்க?"

"ஞாயித்துக்கிழமை மேடம்."

"காதுல இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றார். நான் காதைத் தடவினேன். "பரவாயில்லை. பாதி வீட்டுல இப்படித்தான். ஆபீஸர் வர்றாங்கன்னு சுவரைக் குளிப்பாட்டிப் பொட்டு வெச்சு நிறுத்திடுவாங்க." பிறகு என் மனைவியைப் பார்த்து, "எங்கே இருந்ததும்மா? காட்ட முடியுமா?" என்றார்.

என் மனைவி கைப்பையைத் திறந்து, லாண்டரியில் துணிக்குக் குறி போடுகிற நீலப் பென்சிலை எடுத்தாள். கட்டிலைச் சற்று நகர்த்தச் சொன்னாள். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் முனையை வைத்து இழுக்க ஆரம்பித்தாள்.

அவள் யோசிக்கவில்லை. நிறுத்தவில்லை. அழிக்கவில்லை. கோடு ஏறியது, ஓர் இடத்தில் உள்வாங்கியது, மறுபடி பிதுங்கியது, ஜன்னல் பக்கம் விரல் விரலாகப் பிரிந்தது, மேலே போகப் போகக் குறுகிக் கூரையை நோக்கி ஒரு கழுத்து மாதிரி நீண்டது. அதற்கு நாற்காலி போட்டு ஏறினாள். இறங்கி வந்து உள்ளே இன்னொரு கோடு போட்டாள். அதற்கும் உள்ளே ஒரு கை அகலத்துக்குச் சின்னதாக ஒன்று.

"இது குடிவந்த மாசம். இது போன மழைக்கு. வெளிக்கோடு போன சனிக்கிழமை வரைக்கும்" என்றாள். "இந்த விரல் மாதிரி இருக்கிறது நாலு மாசம் அப்படியே நின்னுது, அப்புறம் திடீர்னு நீண்டுடுச்சு."

ஈரக்காரம்மா பேனாவை மூடிவிட்டு அவளையே பார்த்தார். "இருபத்தி ரெண்டு வருஷமா சுவர் பாக்கறேன். எப்படிம்மா இவ்வளவு ஞாபகம்?"

"நான் சுவர்ப் பக்கம் படுக்கறவ மேடம்."

எங்கள் கட்டிலில் ஒரு பக்கம் ஈரமாகவும் ஒரு பக்கம் காய்ந்தும் இருந்தது என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு வருடமாக நான் காய்ந்த பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு குறட்டை விட்டிருக்கிறேன். இவள் கண்ணெதிரே அந்தச் சுவர் ஒவ்வொரு விரற்கடையாக வளர்ந்திருக்கிறது. அதன் ஒவ்வொரு வளைவும் இவளுக்கு மனப்பாடம். நான் ஒரே நாளில் வெள்ளையடித்து அழித்ததை இவள் ஐந்து நிமிடத்தில் திரும்பக் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள்.

வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "கோடு யார் வேணாலும் போடலாமே மேடம்."

"போடலாம் சார். அதனாலதான் சுவர்கிட்டயே கேக்கப் போறோம்" என்று ஈரக்காரம்மா பெட்டியைத் திறந்தார்.

மெல்லிய துளைக்கருவி ஒன்று, நகைக்கடைத் தராசு மாதிரி ஒரு சின்னத் தராசு, கழுத்தில் முள் வைத்த வட்டத்தோடு ஓர் எஃகுக் குடுவை. கோட்டுக்கு வெளியே ஒட்டினாற்போல் இரண்டு இடம், உள்ளே இரண்டு இடம், மேலே கழுத்தில் ஓர் இடம் என்று ஐந்து புள்ளி வைத்தார். துளை போட்டு முதலில் வந்த தூளை ஊதித் தள்ளினார். அது என் பெயின்ட். இன்னும் ஆழமாகப் போய் வந்த தூளைத் தாளில் ஏந்தி, எடைபோட்டு, குடுவையில் கொட்டினார். இன்னொரு டப்பாவிலிருந்து சாம்பல் நிறப் பொடி ஒரு கரண்டி போட்டு, இறுக்க மூடிக் குலுக்கினார். முள் நகர்ந்தது.

அளவைக் குறித்துக்கொண்டு அவர் மூடியைத் திறந்தபோது ஒரு வாடை வந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தொழில் கற்ற காலத்தில் தினமும் என் சட்டையில் இருந்த வாடை அது.

"மேடம், இது எங்க கேஸ்! கார்பைடு!"

"அதேதான்" என்று சிரித்தார். "நீங்க தண்ணி ஊத்தி கேஸ் எடுப்பீங்க. நான் கேஸ் வந்ததை வெச்சு எவ்வளவு தண்ணின்னு கண்டுபிடிக்கறேன்."

முப்பது வருடம். கார்பைடு போட்டால் கேஸ் வரும், கேஸ் வந்தால் இரும்பு ஒட்டும். அதற்கு மேல் நான் யோசித்ததே இல்லை. அதே பொடி ஒரு சுவரின் வயிற்றுக்குள் இருக்கும் தண்ணீரைச் சொட்டு சொட்டாக எண்ணிச் சொல்லும் என்று யாராவது சொல்லியிருந்தால் விரட்டியிருப்பேன். குழந்தை மாதிரி அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

கோட்டுக்கு வெளியே இருந்த இரண்டு இடத்திலும் முள் எழுந்து பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டது. நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை பங்கு ஈரம். கோட்டுக்கு உள்ளே, இரண்டே விரல் தள்ளி, ஆறு. அதே துளையில் இன்னும் ஆழமாகப் போனதும் ஒன்பது. என் மனைவி போட்ட கோடு கோடில்லை, எல்லை. சுவருக்கே அது தெரிந்திருந்தது.

"இதைக் கவனிங்க சார்" என்று ஈரக்காரம்மா வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். "மூச்சு, சமையல், குளியல், இதால வர்ற ஈரம் மேல்தோலோட நின்னுடும். உள்ளே போகப் போகக் காஞ்சிருக்கும். இங்கே உள்ளே போகப் போக ஏறுது. இது உள்ளேருந்து வெளியே வர்ற ஈரம்."

முதல் மாதம் என் மனைவி காலரை உதாரணம் காட்டிச் சொன்னதை இந்த அம்மா குடுவையை வைத்துச் சொல்கிறார். எனக்கு அவளைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

கழுத்துப் பகுதியில் முள் பன்னிரண்டைத் தொட்டது. அந்த அம்மா எங்கள் வீட்டிலும் மேல்வீட்டிலும் எல்லாக் குழாயையும் அடைக்கச் சொன்னார். வீட்டுக்காரரே மேலே போய் அடைத்துவிட்டு வந்தார். ஈரக்காரம்மா ஒரு நீளமான இரும்புக் கம்பியின் ஒரு முனையைச் சுவரில் ஊன்றி மறுமுனையில் காதை வைத்தார். கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் கம்பியைக் கொடுத்தார்.

"நீங்க சொல்லுங்க. இது உங்க தொழில்."

காதை வைத்தேன். 'ஸ்ஸ்ஸ்' என்று மெல்லிசாக, விடாமல் ஒரு சத்தம். எனக்குத் தெரியாத சத்தமா அது? பட்டறையில் எங்கே ஓர் இணைப்பு கசிந்தாலும் அடுத்த தெருவிலிருந்து கண்டுபிடிப்பேன் என்று பீற்றிக்கொள்கிறவன் நான். ஒரு குழாய் இணைப்பு என் தலைமாட்டிலேயே இரண்டு வருடமாகக் கசிந்துகொண்டிருந்திருக்கிறது.

"ஜாயின்ட் விட்டிருக்கு மேடம். மேலே போற குழாய்."

வீட்டுக்காரரும் கம்பியை வாங்கிக் கேட்டார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, "ஆளைக் கூப்பிட்டு உடைச்சுப் பாக்கச் சொல்றேன்" என்று மெதுவாகச் சொன்னார். என் மனைவி கம்பியைக் கேட்கவில்லை. அவள் சமையலறைக்குப் போய் அதிகாரிக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மூன்று வாரம் கழித்து விசாரணை. சின்ன அறை, ஒரு மேஜை, சத்தம் போடும் மின்விசிறி. விசாரணை அதிகாரி மூக்கு நுனியில் கண்ணாடி போட்டவர், பொறுமைசாலி. ஈரக்காரம்மாவின் அறிக்கையை வாசித்து முடித்துவிட்டு என் மனைவியிடம் கேட்டார்.

"இதால உங்களுக்கு என்னென்ன நஷ்டம்? ஒவ்வொண்ணாச் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"கம்பளி ரெண்டு. மெத்தை. அலமாரியோட அடிப்பலகை. இவரோட ஷூ. மகளோட சான்றிதழ்ல ஒண்ணு."

"வேற?"

அவள் கொஞ்சம் தயங்கினாள்.

"வெந்நீர் சார்."

"என்னது?"

"ஒரு வருஷத்துக்கு மேல வெந்நீர்ல குளிக்கலை சார். ஆவி வந்து சுவர் கெடுதுன்னு சொன்னாங்க. அதனால குளிர் காலத்துலயும் பச்சைத் தண்ணிதான்."

நான் காலையில் ஆறு மணிக்கே பட்டறைக்குக் கிளம்பிவிடுவேன். அவள் அதற்குப் பிறகுதான் குளிப்பாள். எனக்குத் தெரியாது. உண்மையிலேயே தெரியாது. ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்று எனக்கு நானே ஒரு சலுகை கொடுத்துக்கொண்டு, அந்தக் குளிர் காலம் முழுக்க வெந்நீரில் குளித்துவிட்டுப் போனவன் நான். அவள் மட்டும் என் சட்டத்தை ஒரு சொல் விடாமல் கடைப்பிடித்திருக்கிறாள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "குளியலறையை முறையாகப் பயன்படுத்த இயலாமை" என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

பிறகு வீட்டுக்காரர் எழுந்தார். "குழாய்தான் காரணம், நான் மறுக்கலை சார். ஏற்கெனவே சரி பண்ணியாச்சு. ஆனா இவங்க குடிவந்து ஒன்பது மாசம் வரைக்கும் என்கிட்ட யாரும் ஒரு வார்த்தை சொல்லலை. எனக்குத் தெரியாத பழுதுக்கு நான் எப்படி சார் இழப்பீடு கொடுக்க முடியும்?"

"முதல் மாசமே சொன்னதா மனுவில இருக்கே" என்று அதிகாரி தாளைப் புரட்டினார்.

"இவர்கிட்ட சொல்லி அனுப்பினேன் சார்" என்றாள் என் மனைவி. "இவர் அன்னிக்கே சொல்லிட்டார்."

அதிகாரி என்னைப் பார்த்தார். "எப்போ சொன்னீங்க?"

முதல் மாசமே என்று இரண்டு சொல் போதும். வீட்டுக்காரர் சொல்வது ஒன்று, நான் சொல்வது ஒன்று. அறிக்கை எங்கள் பக்கம் இருந்தது, அதிகாரியும் எங்களை நம்பியிருப்பார். ஒன்பது மாத இழப்பீடு கிடைத்திருக்கும். பொய் தயாராக நாக்கு நுனியிலேயே இருந்தது, பழகின பொய்தானே. ஆனால் துளை போட்ட இடமெல்லாம் அந்தச் சுவர் உள்ளதை உள்ளபடி சொன்னதை நான் என் கண்ணால் பார்த்துவிட்டேன். பக்கத்தில் பச்சைத் தண்ணீரில் குளித்தவள் உட்கார்ந்திருக்கிறாள். அந்த இரண்டுக்கும் நடுவில் எனக்குப் பொய் வரவில்லை.

"ஒன்பதாவது மாசம்தான் சார் சொன்னேன். அவர் சொல்றது நிஜம். இவ முதல் மாசமே என்கிட்ட சொல்லிட்டா. நான் போய்ச் சொல்லலை. சொல்லிட்டேன்னு இவகிட்ட பொய் சொல்லிட்டேன்."

"இது உங்க மனுவுக்கே எதிராப் போகும். தெரியுமா?"

"தெரியும் சார்."

வீட்டுக்காரர் என்னை முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்த்தார். என் மனைவி பார்க்கவில்லை. மடியில் இருந்த பையின் வாரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். அன்று வீட்டுக்கு இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வந்தோம். அவள் முன்னால் பெண்கள் இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள். அடுத்து வந்த ஒன்பது நாளும் வேலைக்குப் போகிறேன், வந்துவிட்டேன் என்பதைத் தவிர எங்களுக்குள் பேச்சில்லை.

உத்தரவு வாங்கப் போன அன்று அதிகாரி அதை வாசித்துக் காட்டினார். வீட்டுக்காரருக்குத் தெரிந்த நாளிலிருந்து கணக்கிட்டு இழப்பீடு, பொருட்களுக்குத் தனியாக ஒரு தொகை. முதல் ஒன்பது மாதத்துக்கு எதுவும் கிடையாது.

"அந்த ஒன்பது மாதத்துக்கு யார் பொறுப்பு என்று தீர்மானிக்க இந்த அலுவலகத்துக்கு அதிகாரமில்லை" என்று வாசித்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார். கடைசி வரி இது: "சுவரின் ஈரத்துக்குக் குடியிருப்போரின் பழக்கவழக்கங்கள் எவ்விதத்திலும் காரணமல்ல."

என் மனைவி கையை நீட்டித் தாளை வாங்கி, அந்த வரியைத் தானே ஒருமுறை படித்தாள்.

"சார், குடியிருப்போர்னா ரெண்டு பேரும் வருமா?"

"ஆமாம்மா."

"யாரும் என்னைத் தவிர வேற யாரையும் குத்தம் சொல்லலை சார். என்னைத் தனியா எழுத முடியுமா?"

அவர் பேனாவை எடுத்து, 'குடியிருப்போரின்' என்பதை அடித்துவிட்டு, மேலே 'மனுதாரரான மனைவியின்' என்று எழுதினார். பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டு, முத்திரையும் குத்தினார். அரசாங்கத் தாளில் ஒரு மனுஷி கேட்டு ஒரு சொல் மாறும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அவள் கேட்ட விதத்தில் மலையைக் கேட்டிருந்தாலும் நகர்ந்திருக்கும்.

"திருப்தி இல்லைன்னா முப்பது நாளுக்குள்ள ரெண்டு தரப்பும் மேல்முறையீடு பண்ணலாம்" என்றார் அதிகாரி.

வெளியே அலுவலகப் படியில் வெயில் அடித்தது. அவள் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். முகம் தெளிவாக இருந்தது. இரண்டு வருடத்தில் அந்த முகத்தை நான் அப்படிப் பார்க்கவில்லை, அல்லது பார்க்கவே இல்லை. எனக்குப் பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. ஒரு படி கீழே இறங்கி நின்றுகொண்டு கேட்டேன்.

"அந்த ஒன்பது மாசத்துக்கு... எனக்கு என்ன தீர்ப்பு?"

"இன்னும் எழுதி முடிக்கலை" என்றாள்.

"எப்போ முடியும்?"

"நேரம் ஆகும். முடிச்சதும் சொல்றேன். ஆனா மேல்முறையீடெல்லாம் கிடையாது."

பண்ண மாட்டேன் என்றேன்.